நடிகருக்குப் பாலா? பிள்ளைக்குப் படிப்பா?

சினிமாக்காரர் ஒருவரைப் பற்றி நாம் தலையங்கம் எழுதுவதென்றால் நம் வாசகர்களில் பலருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். 1931-ல் தமிழில் பேசும்படம் வந்த நாள் முதல் அது பரப்பிவந்த புராணக் குப்பைகளைப் பற்றியும், அதில் பாழாகும் ஜனங்களின் காசைப் பற்றியும் நம்மவர்கள் எவ்வளவோ சொல்லியாகிவிட்டது. அந்த அபிப்பிராயத்தில் ஒன்றையும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு மனிதன் செய்யும் காரியம் ஜனங்களுக்குப் பிரயோஜனப்படுமானால், அவன் என்ன தொழில் செய்கிறவன் என்று பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பது யோக்கியமாகாது. ஆதலால் கோவை ஜில்லா சூலூருக்குப் பக்கத்திலுள்ள காசிகவுண்டன்புதூரிலிருந்து புறப்பட்டுப் போன தோழர் சிவகுமார் அவர்களையும், அவர் குடும்பத்தார் செய்துவரும் கல்விக் காரியத்தையும் பற்றி நமக்குப் பட்டதைச் சொல்லுகிறோம்.

அவர் 1941-ல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பழனிச்சாமி. கைக்குழந்தையாய் இருக்கும்போதே தகப்பனார் இறந்துபோனார். வானம் பார்த்த பூமியில் பாடுபட்டுப் பிள்ளையை வளர்த்துப் படிக்க வைத்தவர் தாயார்தான். விதவை முகத்தில் விழித்தால் காரியம் கெட்டுப்போகும் என்று சொல்லுகிற நாடு இது. அந்த நாட்டில் ஒரு விதவையின் கைதான் ஒரு பிள்ளையை ஆளாக்கிற்று என்பதை நம் தாய்மார்கள் கவனிக்கவேண்டும். எல்லாம் தலையெழுத்து என்று அந்த அம்மையார் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை ஊரோடு நின்றிருக்கும். நமக்கும் இன்று எழுத விஷயம் இருந்திருக்காது. பிள்ளை சென்னைக்குப் போய் ஓவியம் படித்தது. 1965-ல் "காக்கும் கரங்கள்" படத்தில் நடிகரானார். 1979-ல் "ரோசாப்பூ ரவிக்கைக்காரி" அவருக்கு 100-வது படமாயிற்று.

நிற்க, நூறாவது படம் முடித்தவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? கோயிலுக்குத் தங்கக் கவசம் சாத்துவார்கள். இல்லாவிட்டால் எடைக்கு எடை காணிக்கை போடுவார்கள். இவரோ அதையொட்டி ஒரு கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். பள்ளியிறுதிப் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் பரிசுப் பணம் கொடுத்துவந்தார். பின்பு 2006-ல் அவருடைய மகன், நடிகர் தோழர் சூர்யா "அகரம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். 2010-ல் "விதை" என்ற திட்டம் அதன் வழியாக வந்தது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பரிசு, மார்க்கைப் பார்த்துக் கொடுப்பது. "விதை"யோ பிள்ளையின் வீட்டையும் பார்த்துக் கொடுப்பது. விண்ணப்பம் போட்ட பிள்ளையின் வீட்டுக்கே தொண்டர்கள் நேரில் போகிறார்கள். தகப்பன் உண்டா, தாய் உண்டா, கூரை ஒழுகுகிறதா, படிக்க விளக்கு உண்டா என்று கண்ணால் பார்த்து வருகிறார்கள். கல்லூரிகளிடம் பேசி இடம் வாங்கி, தங்கவும் வழி செய்து, படிப்பு முடிகிற வரையில் கூட நிற்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து, வீட்டிலேயே முதல் முதலாகக் கல்லூரி வாசற்படியை மிதிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இவ்விதம் படித்து வெளிவந்திருக்கிறார்கள்.

மார்க்கு மாத்திரம்தான் தகுதி என்று வாதிக்கிறவர்களைக் கேட்கின்றோம்: டியூஷனுக்கு மூன்று வாத்தியார் வைத்திருக்கும் பிள்ளை வாங்கும் 90-ம், விடியற்காலையில் தறிக்குழியில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாங்கும் 70-ம் ஒன்றா? எது உசத்தி? மார்க்கு பிள்ளையின் மூளையை மட்டும் அளப்பதில்லை. தகப்பன் மடியையும் சேர்த்து அளக்கிறது. வகுப்புரிமைக்காக நம்மவர்கள் வாதாடியபோது சொன்ன நியாயமும் இதுதான். அதையே ஒரு நடிகர் காரியத்தில் காட்டியிருக்கிறார்.

நம் கொங்குச் சீமைக்கு இது நன்றாய் உறைக்கவேண்டும். பன்னிரண்டாவது முடித்த பையன் மறுநாளே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். பெண்ணை, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் வரும் என்று சொல்லி நூல் மில்லுக்கு அனுப்புகிறார்கள். இதே கோவையில் 1926-ல் பீ.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர் நால்வர் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பங்கு இன்று கல்லூரிகளாய் நிற்கிறது. நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்குப் பிரிக்கும் வரியில் ஐந்தில் ஒரு பங்கைப் படிப்புக்கு ஒதுக்கியதுண்டா?

2020-ல் சூர்யாவின் துணைவியார் தோழர் ஜோதிகா இந்த மாதிரிதான் ஒரு வார்த்தை சொன்னார். கோயிலுக்குச் செலவழிக்கும் அக்கறையைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காட்டக்கூடாதா என்றார். உடனே மதத்துக்கு ஆபத்து வந்துவிட்டதாகக் கூச்சல் கிளம்பிற்று. அவர்கள் பயந்து பின்வாங்கவில்லை. அதே வருஷம் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரிக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். கூச்சல் போட்டவர்கள் எத்தனை கட்டில் வாங்கிக் கொடுத்தார்கள்?

இதனால் இவர்கள் சொல்லுவது எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ளுவதாக எவரும் நினைக்கவேண்டாம். தோழர் சிவகுமார் மேடையேறிக் கம்பராமாயணமும் பாரதமும் சொல்லுகிறார். அந்த அபார ஞாபக சக்தி இவற்றுக்கா போகவேண்டும் என்பதே நம் வருத்தம். அன்றியும், வள்ளல்கள் வந்துதான் ஏழை படிக்கவேண்டுமென்றால் அது நாட்டுக்கு அவமானமேயாகும். வள்ளலுக்கு மனமிருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இல்லை. உரிமை அப்படியல்ல. 1947-ல் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த "ராஜகுமாரி"யில் கதாநாயகனான எம்.ஜி.ஆர். சொந்தக் கையால் எத்தனையோ பேருக்குக் கொடுத்தார். ஆனால் 1982-ல் முதல் மந்திரியாயிருந்து சத்துணவைச் சர்க்கார் திட்டமாக்கியபோதுதான் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் சோறு விழுந்தது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவிகிதம் ஒதுக்கிச் சட்டம் வந்ததும் அப்படியே. அகரம் வழிகாட்டும் கைகாட்டி. ஊர்போய்ச் சேர்க்கவேண்டியது சர்க்காரின் கடமை.

கடைசியாக, ரசிகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நடிகரின் படத்துக்கு ஊற்றும் பால் அவர் வாய்க்கும் போவதில்லை; உங்கள் பிள்ளை வாய்க்கும் போவதில்லை; சாக்கடைக்குத்தான் போகிறது. கல்லுக்கு ஊற்றாதே என்று நாம் சொன்னால், அட்டைக்கு ஊற்றுகிறீர்கள்! அடுத்த படம் வரும் நாளில் அந்தப் பாற்காசைச் சேர்த்து, உங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை எது என்று தேடிப் போங்கள். அந்தப் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள். நடிகருக்குச் செய்யும் மரியாதையும் அதுதான். நமக்கு நாமே செய்துகொள்ளும் மரியாதையும் அதுதான்.