திரும்புவதற்கும் அனுமதி வேண்டும்
வனத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியபோது, மலையில் நடப்பதை விரும்பும் எங்களைப் போன்றவர்களின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே நடந்து வர உள்ளூர் வழிகாட்டிகள். காட்டுக்குள் போக யாரைப் பார்ப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் அலைந்த நிலை மாறியது. அதற்கு உங்கள் துறைக்கு முதலில் என் நன்றி.

அந்தப் பாதைகள் பெரும்பாலும் காலையில் கிளம்பி மாலைக்குள் இறங்கிவிடக்கூடியவை. அவற்றில் நடந்து பழகியவர்கள் அடுத்துக் கேட்கப்போவது மூன்று நாள், நான்கு நாள் நடை. இரவில் மலையிலேயே தங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சில சிகரங்களைத் தொட்டுவிட்டு இறங்கும் நடை. அதற்காக நம் பிள்ளைகள் இன்று ரயிலேறி உத்தராகண்டுக்கும் இமாச்சலத்துக்கும் போகிறார்கள். 2,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் நீலகிரியும் பழனி மலையும் ஆனைமலையும் நம் வாசலில் இருக்கும்போது, ‘இங்கே ஏன் அப்படி நடக்க முடியாது?’ என்று அவர்கள் கேட்பது நியாயம். இன்றோ நாளையோ அப்படி ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வரும். வர வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

வரும்போது அதன் முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல். எத்தனை சிகரம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகிற வழியில் நிலைமை சரியில்லை என்றால் குழு திரும்புவது எப்படி, அந்த முடிவை எடுப்பது யார், திரும்பியவர்களுக்கு என்ன வழி என்பதை முதலில் எழுதுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்மேட்டில் தீ பரவியது. கொழுக்குமலைக்குப் போய்விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோட்டுக் குழுவினர் அதில் சிக்கி, 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திரதால் பகுதியில், பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள். அவர்களும் மேலே போய்விட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்தான். ஓரிடத்தில் தீ, ஓரிடத்தில் பனி. இரண்டிலும் மலை ஆளைக் கேட்டது இறங்கும்போது. நம் திட்டங்களோ ஏறுவதைப் பற்றியே பேசுகின்றன.

பல நாள் நடைக்கு முதல் தடை நாள்காட்டி. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையின் மேற்கு விளிம்பை நனைத்துக்கொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாம் பார்த்தோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று நீங்களே பாதைகளை மூடிவிடுகிறீர்கள். அது சரியான முடிவு, ஒருபோதும் தளர்த்தக் கூடாதது. மிஞ்சுவது டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி முற்பாதி வரையும், பிறகு ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும். முதல் பருவத்தில் உறைபனியும் குறுகிய பகலும். இரண்டாவதில் மதியத்துக்கு மேல் கோடை இடி. புல்மேட்டில் நிற்கும் மனிதன்தான் அங்கே உயரமான பொருள். ஒரு மழை தள்ளிப்போனாலும் ஒரு காற்று முந்தி வந்தாலும் இந்தச் சில வாரங்களும் சுருங்கிவிடும். தேதியை ஆறு மாதம் முன்பே அச்சிட்டு, அந்தத் தேதியில் நடந்தே தீர வேண்டும் என்று ஒரு சவால் நடையை அறிவிப்பது நம் மலைகளுக்குப் பொருந்தாது.

அடுத்தது மணிக்கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு எளிய விதியைத் தந்தார்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு நாலரை மணி நேரம் வருகிறது. ஆனால் இது தேர்ந்த மலையேறியின் கணக்கு. முதுகில் பாரம், பலதரப்பட்ட ஆட்கள், ஈரமான சோலைக்காட்டு வேர்கள் என்று சேர்த்துப் பார்த்தால் ஏழு மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கால் அசந்த பிறகு எட்டு. சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் ஒரு மணி. காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை நாலு மணிக்குத்தான் முகாம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். சோலைக்குள் அதற்கு முன்பே இருட்டு. கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ஒருவருக்குக் கணுக்கால் பிசகினாலோ, யானைக் கூட்டம் வழியில் நின்றாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ செலவழிக்க இருப்பது அதுதான். அதைச் சிகரத்தில் படம் எடுக்கச் செலவழிக்க முடியாது.

இந்தக் கணக்கை வழிகாட்டிகள் கடிகாரம் இல்லாமலே போடுவார்கள். ஒரு மலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரம், நேரம் மதியத்தை நெருங்கியிருந்தது. முன்னால் போன வழிகாட்டி நின்று மேற்கே பார்த்தார். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு எழும்பி, புல்மேட்டின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருந்தது. “சார், மஞ்சு ஏறுது. இங்கனயே திரும்பிரலாம்” என்றார். குழுவில் ஒருவர், “அண்ணே, இன்னும் அரை மணி நேரந்தானே? இதுக்காகவே லீவு போட்டு அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கோம்” என்றார். வழிகாட்டி மறுபடி ஒருமுறை மேற்கே பார்த்தார். “நீங்க சொன்னாச் சரி சார்” என்று கழியை ஊன்றி நடக்கத் தொடங்கினார். இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் கீழே வந்து சேர்ந்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த மலையை அங்கிருந்த எல்லோரையும் விட நன்றாக அறிந்தவர் அவர். அவர் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் அடுத்த வாரமும் இந்த வேலை வேண்டும், வந்தவர்கள் மனம் கோணாமல் போக வேண்டும். பணம் கட்டிய விருந்தினரிடம் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நடப்பவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. கட்டிய பணம் போகும், கிடைத்த விடுப்பு போகும், அடுத்த அனுமதி எப்போது கிடைக்குமோ என்ற கவலை யாரையும் முன்னே தள்ளும். இரண்டு பக்கத்து நெருக்கடியையும் ஒரே விதியால் தீர்க்கலாம். அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை: திரும்பச் சொல்லும் அதிகாரம் வழிகாட்டிக்கே இருக்கட்டும், அவர் சொல்லே முடிவு என்பது விதியில் எழுதப்படட்டும். முன்பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரும் அதற்கு ஒப்புதல் தரட்டும். வானிலையாலோ விலங்குகளாலோ உடல்நலத்தாலோ திரும்பிய குழுவுக்கு, அதே பருவத்திலோ அடுத்த பருவத்திலோ கட்டணமின்றி மறுபடி நடக்க வாய்ப்புக் கொடுங்கள். வழிகாட்டிக்கு அன்றைய கூலி முழுதாகக் கிடைக்கட்டும். மீண்டும் வரலாம் என்று தெரிந்தால் ‘இன்னும் அரை மணி நேரந்தானே’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது, பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே இறங்கு வழிகளையும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நாள் நடையிலும் குறைந்தது ஓரிடத்திலாவது அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்துக்கோ ஜீப் தடத்துக்கோ இறங்கும் கிளைப்பாதை இருக்க வேண்டும். அப்படி இல்லாத சிகரம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் பட்டியலில் வேண்டாம். செல்போன் எடுக்காத இடங்களில் வழிகாட்டியின் கையில் வனத்துறை வயர்லெஸ் இருக்கட்டும். மலையில் ஒருவர் விழுந்தால் முதலில் ஓடி வருபவர்கள் மலை கிராமத்து மக்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான். கொடைக்கானலுக்குக் கீழே நெடுங்காலம் சாலை இல்லாதிருந்த வெள்ளகவி கிராமத்தில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்து பழகிய மக்களுக்கு, செங்குத்தான பாதையில் ஓர் ஆளை ஆடாமல் இறக்கத் தெரியும். அவர்களை மீட்புப் பணிக்கு முறையாகப் பயிற்றுவித்து, ஊதியமும் காப்பீடும் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, போட்டி வேண்டாம். பிரிட்டனில் பென் நெவிஸ், ஸ்கேஃபெல் பைக், ஸ்னோடன் மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி முடிக்கும் சவால் நெடுங்காலமாகப் பிரபலம். மூன்றும் பிரிட்டனின் வெவ்வேறு பகுதிகளில் இருப்பதால் இடையில் நூற்றுக்கணக்கான மைல் வண்டியில் ஓட வேண்டும்; தூங்காத ஓட்டுநரும், நள்ளிரவில் மலையடிவார ஊர்களில் வந்து குவியும் வண்டிகளும், தேய்ந்த பாதைகளும் அங்கே பழைய புகார்கள். நேரத்தை வைத்துச் சான்றிதழ் தரும் நடை, திரும்ப வேண்டிய நேரத்தில் ஆளைத் திரும்ப விடாது. சிகரங்களை எண்ணிப் பதக்கம் தருவதும் அப்படித்தான். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கும் பக்தர்களில் ஆண்டுதோறும் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலியாலும் இறக்கிறார்கள் என்பதை உங்கள் துறை நன்கறியும். பல நாள் நடைக்கு மருத்துவச் சான்றும், அதற்கு முன் ஒருநாள் பாதைகளில் நடந்த அனுபவமும் கட்டாயமாகட்டும்.

நான்காவது, குழு சிறிதாகவும் முகாம் எளிமையாகவும் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கேரளத்தில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஆண்டில் சில வாரங்கள் மட்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்புடன் அனுமதி தருகிறார்கள். முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம், மறுநாள் உச்சிக்குப் போய் முகாமுக்குத் திரும்புதல், மூன்றாம் நாள் இறக்கம். உச்சிக்குப் போகிற நாளில் பாரத்தை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகலாம். முடியாதவர் முகாமிலேயே இருந்துகொள்ளலாம். திரும்புதல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. நாமும் ஒரே முகாமில் தங்கி ஒவ்வொரு நாளும் ஒரு சிகரத்துக்குப் போய் வரும் வகையில் திட்டமிடலாம். புதிய கட்டடம் தேவையில்லை. இருக்கிற வனத்துறைக் குடில்களும், கழிப்பறையும், குப்பையைக் கீழே கொண்டுவரும் கட்டுப்பாடும் போதும்.

கடைசியாக, மலைக்கு நாம் விருந்தினர், குடியிருப்பவை வேறு. நம் மாநில விலங்கான வரையாடு 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303 என்று தமிழ்நாடு அரசே அறிவித்தது. மகிழ்ச்சியான உயர்வு. அவை குட்டி ஈனும் காலம் ஜனவரியில் தொடங்குகிறது. நாம் நடக்கத் தோதான வானமும் அப்போதுதான். அந்த மோதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது நாம். வரையாடு அடர்ந்து வாழும் முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காச் சிகரங்களைச் சவால் நடைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தோடர் பழங்குடியினருக்குப் புனிதமான முக்குருத்திச் சிகரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் நமக்கு எந்த இழப்பும் இல்லை. மற்ற மலைகளிலும், பாதையை முடிவு செய்யும் முன் அங்கே வாழும் பழங்குடி மக்களின் ஊர்க்கூட்டத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, நம் மலைகளில் பல நாள் நடை வேண்டும். அதில் நடந்த இளைஞர்களே நாளை அந்தக் காட்டுக்காகப் பேசுவார்கள். மலைவாழ் இளைஞர்களுக்குச் சொந்த ஊரிலேயே மதிப்பான வேலையும் கிடைக்கும். விதியை எழுதும்போது குரங்கணியில் இறந்த 23 பேரையும், வழிகாட்டிகளையும் மனதில் வைத்து எழுதுங்கள். ‘இங்கேயே திரும்பிவிடலாம்’ என்று வழிகாட்டி சொன்னால் மொத்தக் குழுவும் மறுபேச்சின்றித் திரும்பும் நிலையை உருவாக்குங்கள். அதன் பிறகு பாதையைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நம் மலைகளில் நடப்பதை நேசிக்கும் ஒரு குடிமகன்