துணைநூல் எங்கே?

பள்ளி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை மாலை. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு தாய், நான்காம் ஆண்டில் பயிலும் மகனைக் கையில் பற்றிக்கொண்டு, தமிழில் ஓர் அறிவியல் நூல் கேட்கின்றார். கடைக்காரர் தயங்காமல் நான்கு பயிற்சி நூல்களை எடுத்து வைக்கின்றார். "பயிற்சி வேண்டாம் ஐயா, பிள்ளை படித்து மகிழ ஒரு புத்தகம் வேண்டும்" என்கின்றார் தாய். சோதிட நூல் இருக்கின்றது; சமையல் நூல் இருக்கின்றது; தெனாலிராமன் கதையும் இருக்கின்றது. அவர் கேட்ட நூல் இல்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சென்றாலும் பெரும்பாலும் இதே காட்சிதான்.

2020 மார்ச்சு 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வீடே பள்ளியாயிற்று, பெற்றோரே ஆசிரியராயினர். பாடநூலைப் படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்னும் வினா அன்று வீடுதோறும் எழுந்தது. பள்ளிக் கதவுகள் மீண்டும் திறந்தன. வினா மட்டும் விடையின்றி நிற்கின்றது.

பயிற்சி நூல் துணைநூல் ஆகாது. பயிற்சி நூல், பிள்ளைக்குத் தெரிந்ததா என்று கேட்கும். துணைநூல், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேட்கையை மூட்டும். முன்னது தேர்வுக்கு ஆயத்தம். பின்னது அறிவுக்கு வாயில். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு நூல்களின் ஆட்சி போகவில்லை! கல்வியமைச்சின் 'நிலாம்' வாசிப்புத் திட்டத்திற்காகப் படிக்கும் மாணவன், நரியும் காக்கையும் வரும் கதைகளையே திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றான். அவன் சோம்பேறி அல்லன். அவன் கைக்கு எட்டியவை அவையே.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. தமிழ்ப்பள்ளி மாணவன் தமிழ்வழியே அறிவியல் கற்பது ஆறே ஆண்டுகள். இடைநிலைப்பள்ளியில் அவ்வாய்ப்பு இல்லை. அந்த ஆறாண்டில், தமிழில் சிந்தித்து உலகை ஆராய முடியும் என்ற உறுதி நெஞ்சில் வேரூன்றாவிட்டால், பின்னர் எப்போது வேரூன்றும்? 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என 2009 இல் அறிவிக்கப்பட்டது. 2016 இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா, வேண்டாவா என்ற வாதம் மேடைதோறும் முழங்கியது. தமிழ்வழி அறிவியலைக் காக்க எழுந்த குரல்கள் பாராட்டத்தக்கவை. ஆயினும், அக்குரல் எழுப்பியோருள் எத்தனை பேர் பிள்ளைகளுக்கென ஓர் அறிவியல் நூல் எழுதினர்? முழக்கத்தால் ஒரு கொள்கையைத் தடுக்கலாம். நூலகத்தின் வெற்று அடுக்கை நிரப்ப இயலாது. "தமிழில் நூல் எங்கே?" என்று எதிர்த்தரப்பினர் கேட்கும்போது, அந்த வெற்று அடுக்கே அவர்களுக்குச் சான்றாகி விடுகின்றது.

தமிழில் அறிவியலைச் சொல்ல இயலாது என்பாரும் உளர். வரலாறு அவர்களை மறுக்கின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அறிவியல் எழுத்தையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட பெ.நா. அப்புஸ்வாமி தொழிலால் வழக்கறிஞர். கலைக்களஞ்சியத்தையும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பப்பத்துத் தொகுதிகளாகத் தமிழுக்குத் தந்த பெரியசாமித் தூரன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அயலவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் செய்ததை இந்நாட்டுத் தமிழாசிரியர் செய்ய இயலாதா?

"தமிழ்நாட்டிலிருந்து நூல்களை வரவழைத்தால் போதுமே" என்பது அடுத்த வாதம். வரவழைக்கட்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற ஏடுகள் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வரட்டும். ஆனால் அதனோடு கடமை முடிந்துவிடாது. இங்குள்ள மாணவன் 'உயிர்வளி' என்று கற்கின்றான். தமிழ்நாட்டு நூல் 'ஆக்சிஜன்' என்கின்றது. இலங்கை நூலோ 'ஒட்சிசன்' என்கின்றது. பத்து வயதுப் பிள்ளை மூன்றும் ஒன்றே என்று எப்படி அறியும்? மேலும், அந்நூல்களில் வரும் கோடை இவன் காணாதது. இவன் காணும் செம்பனையும், பத்துமலைச் சுண்ணாம்புக் குகையும், கோல சிலாங்கூர் ஆற்றோர மின்மினியும் அவற்றில் இல்லை.

இம்மண்ணில் அறிவியல் கதைகளுக்குப் பஞ்சமா? ஒன்றைக் காண்க. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குமுன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. வெள்ளையரிசி உண்ட சுரங்கத் தொழிலாளர் மடிந்தனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. இதனை உற்றறிந்தவர் பிராடன் என்னும் மருத்துவர். 1905 இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்கு வெள்ளையரிசியும் மறு பிரிவினர்க்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். இடம்தான் காரணமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றினார். வெள்ளையரிசி உண்டோரே நோயுற்றனர். நெல்லை அவித்து உலர்த்துகையில் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகின்றது என்னும் விளக்கம் பின்னர் கிடைத்தது.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மாணவன் பொருள் விளங்காமல் உருப்போடும் மூன்றும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கின்றன அல்லவா? மாற்றப்பட்டது அரிசி, அதனைச் சார்ந்து மாறியது நோய், மற்றவை இரு பிரிவினர்க்கும் ஒன்றே. நோயாளிகள்மீது இப்படிச் சோதனை செய்தல் அறமா என்று வகுப்பில் வாதிடவும் இடம் உண்டு. பாட்டி சமைத்த புழுங்கல் அரிசிச் சோறு உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றது என்று எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்? எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

கிள்ளானுக்கும் ஒரு கதை உண்டு. 1901 இல் அங்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கினார். தோட்டங்களுக்கும் ஒரு கதை உண்டு. செம்பனைப் பூக்களுக்கு ஒரு காலத்தில் தொழிலாளர் கையாலேயே மகரந்தம் தூவினர். கேமரூனிலிருந்து கொணரப்பட்டு 1981 இல் தோட்டங்களில் விடப்பட்ட சிறு வண்டினம் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. தாத்தாவும் பாட்டியும் உழைத்த தோட்டத்தின் அறிவியலைப் பேரனுக்குச் சொல்ல, தமிழில் முப்பது பக்க நூல் ஒன்று வேண்டாவா?

எழுத வேண்டியவர் யார்? ஆசிரியப் பயிற்சி பெறுவோர் செயலாய்வு எழுதுகின்றனர். அது அழகாகக் கட்டப்பட்டு அலமாரியில் உறங்குகின்றது. பயிற்றுத் துணைப்பொருள்களை இரவெல்லாம் விழித்துச் செய்கின்றனர்; மதிப்பெண் வந்ததும் அவை மூலைக்குப் போகின்றன. அவ்வுழைப்பில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கான நூலாக மாறியிருந்தால் இன்று அடுக்கு நிறைந்திருக்கும். எழுத்தாளர் அமைப்புகளும் இக்குற்றத்திற்குப் புறம்பானவை அல்ல. கவிதைக்குப் பரிசு, சிறுகதைக்குப் பரிசு, நாவலுக்குப் பரிசு. சிறுவர் அறிவியல் நூலுக்கு? கற்பனை மட்டுமே இலக்கியம் என்ற எண்ணம் நீடிக்கும்வரை தமிழின் ஒரு கை கட்டப்பட்டே இருக்கும்.

"விற்காது" என்பர் பதிப்பாளர். நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு இரு படிகள் வாங்கினாலே ஆயிரம் படிகள் தீர்ந்துவிடும். பரிசளிப்பு விழாவில் கிண்ணங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நூலுக்கு ஒதுக்கினால் அச்சுக்கூலி கிடைத்துவிடும். இங்கே குறைவது பணமன்று, மனமே.

ஆகவே வழி தெளிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அறிவியல் பயிற்றும் ஆசிரியர் ஐவர் கூடட்டும்; பாடநூற் கலைச்சொற்களையே கையாண்டு, ஆண்டுக்கு ஒரு சிறு நூல் எழுதட்டும். எழுத்தாளர் மொழியைச் செப்பனிடட்டும். அறிவியல் கற்றோர் பிழை களையட்டும். மாணவர் படித்து, விளங்காத இடத்தைச் சுட்டட்டும். பத்தாண்டில் ஒரு மாவட்டம் பத்து நூல் காணும்.

இந்நாட்டுத் தமிழ்க்கல்வி 2016 இல் இருநூறாண்டு விழாக் கண்டது. விழாக்கள் முடிந்தன, மாலைகள் வாடின. அடுத்த விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை அந்தத் தாய் மீண்டும் கடைக்கு வருவார். அவர் கையில் கொடுக்க ஒரு நூல் இருக்குமா, அல்லது மீண்டும் நான்கு பயிற்சி நூல்கள்தாமா? இவ்வினாவிற்கு விடையளிக்க வேண்டியவர் கடைக்காரர் அல்லர், தமிழாசிரியர்.