மேற்கோள் கணக்கும் மலைநாட்டு மக்களும்

நூறு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிட்டால் வழக்கு வென்றுவிடுமா? நம் நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஒரு நிகழ்வை எண்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று தொகை எதுவும் விதிக்கவில்லை. சாட்சி நம்பத்தக்கதா என்பதே கேள்வி. நீதிமன்றம் அறிந்த இவ்வுண்மையை அறிஞர் உலகம் மறந்துவிட்டதே என்று வருந்துகின்றோம்.

ஒரு கட்டுரையை எவரெவர் எடுத்தாண்டனர் என்று தேடிக் காண, அமெரிக்கராகிய யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் ஓர் அட்டவணை அமைத்தார். நூலகத்துக்கு நல்ல கருவி, குறை கூறோம். 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர், ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பையே ஒற்றை எண்ணுக்குள் அடக்கினார். வழிகாட்டிய கருவி பதவி உயர்வுக்குத் தராசாயிற்று. கூடையில் முற்றல் இலையைத் திணித்தாலும் நிறை ஏறும். குட்டு வெளிப்படுவது தொழிற்சாலையில் அன்றோ?

உடல்நல உளவியலில் அக்குட்டு வெளிப்பட்டது. லண்டன் பேராசிரியர் ஹான்ஸ் ஐசென்க் 1997இல் மறைந்தபோது, வாழும் உளவியலாளருள் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டவர் என்னும் புகழ் அவருக்கிருந்தது. புற்றுநோய்க்குப் புகைப்பதைக் காட்டிலும் மனிதரின் குணவியல்பே பெருங்காரணம் என்று குரோசார்த்-மாத்திசெக் என்பாருடன் சேர்ந்து எழுதினார். புகையிலைக் கம்பெனிகளின் பணமும் அவருக்குக் கிடைத்தது. 2019இல் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, இவ்விருவர் பெயரில் வந்த 26 கட்டுரைகள் நம்பத்தக்கன அல்ல என்றது. அதுவரை அவை ஈட்டிய மேற்கோள்கள் யாவும் வரவாகவே நின்றன. கண்டித்து எழுதியவரின் மேற்கோளும் வரவே! என்னே கணக்கு!

நம் நாட்டையும் காண்க. 1995இல் இங்கு இலட்சத்துக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டன. 2005இல் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1996 முதல் 2005 வரை, முந்திய பத்தாண்டைவிட 19,769 தற்கொலைகள் குறைந்தன என்று 2007இல் ஆய்வாளர் கணக்கிட்டனர். அவ்வாய்வையும் பலர் மேற்கோள் காட்டியுள்ளனர், மெய்தான். ஆயினும் மருந்துப் போத்தலைத் தொட்டும் பிழைத்தெழுந்த ஒரு தாயை எந்த அட்டவணையில் பதிவது?

ஹாலிஎலையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேள்வித்தாளோடு வருவோரை நாம் கண்டதுண்டு. கொழுந்து நிறுத்துக் களைத்து வரும் பெண்ணிடம் குடியைப்பற்றிக் கேட்பர், உறக்கத்தைப்பற்றிக் கேட்பர், சாக நினைத்ததுண்டா என்றும் கேட்பர். அவளும் மனந்திறந்து சொல்வாள். பின்னர் அது ஆங்கில ஏட்டில் கட்டுரையாகும். எழுதியவருக்குப் புள்ளி சேரும். லயத்துக்கு ஒரு வரியும் திரும்பி வருவதில்லை. சொன்னவளுக்குக் கிடைத்தது என்ன?

2015இல் லெய்டன் அறிக்கையை வெளியிட்ட அறிஞர்களே, அந்தந்த நாட்டுக்குரிய ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்றனர். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் ஒன்று கேட்கின்றோம். தோட்ட மக்களின் துயரைக் கேட்டெழுதிய எக்கட்டுரைக்கும், எவர் பெயரையும் வெளியிடாது, அதன் முடிவைத் தமிழில் அம்மக்கள் முன் படித்துக் காட்டிய பின்னரே புள்ளி வழங்குக. 2005 முதல் பதுளையிலேயே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கிருந்தே தொடங்கலாமே!