முதுகுவலிக்கு யார் சாட்சி?

வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும். குண்டு பாய்ந்த தழும்பும் தெரியும். முதுகுவலி தெரியுமா?

தெரியாது! பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் பலருக்கு அதுதான் பெரிய சங்கடம்.

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் முன்னாள் பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கலாம். அவர்களைப் போன்ற ஒருவரை மனதில் நினைத்துக் கொள்வோம்.

அவருக்கு வயது 45. பதினேழு ஆண்டுகள் சிப்பாயாக இருந்தார். 2018-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். பார்த்தால் திடமான ஆள். நிமிர்ந்த நடை. முறுக்கிய மீசை.

ஆனால் காலையில் அவரால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, மனைவி தோள் கொடுத்த பிறகுதான் எழுந்திருக்கிறார். பல் தேய்க்கக் குனிந்தால் இடுப்பில் சுரீர் என்கிறது. அந்த வலி தொடை வழியாகக் கால் வரை இறங்குகிறது.

"என்னண்ணே, மிலிட்டரியில இருந்த ஆளு இதுக்குப் போய் முனகலாமா?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அவர் ஊனப் பென்ஷன் கேட்டு மனுப் போட்டார். சுருக்கமாகப் பதில் வந்தது: "உமது நோய் ராணுவ வேலையால் வந்ததும் அல்ல, ராணுவ வேலையால் அதிகமானதும் அல்ல."

இப்படிப் பதில் வாங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். இது ஏன் நடக்கிறது? இதற்கு மேல் வழி உண்டா?

இரண்டு கேள்விகள்

ஊனப் பென்ஷன் கேட்பவரிடம் சர்க்கார் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது.

முதல் கேள்வி: ஊனம் எவ்வளவு? அது நூற்றுக்கு 20 பங்காவது இருக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி: அது ராணுவ வேலையால் வந்ததா? அல்லது முன்பே இருந்து, ராணுவ வேலையால் அதிகமானதா? இரண்டில் ஒன்று ஆம் என்றால் போதும்.

வேலையை விட்டு வரும்போது ராணுவ டாக்டர்கள் குழு ஒன்று கூடி இதை எழுதுகிறது. 'மெடிக்கல் போர்டு' என்பார்கள். அந்தக் குழு எழுதும் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் வரவு செலவையே மாற்றிவிடும்.

கால் போனவருக்கு இந்தக் கேள்விகள் பெரிய தொல்லை தருவதில்லை. முதுகுவலிக்காரருக்குத்தான் தொல்லை. "முதுகுவலி யாருக்குத்தான் இல்லை? உழவனுக்கு வருகிறது, தையற்காரருக்கு வருகிறது, வயதானால் எல்லாருக்கும் வருகிறது" என்று சொல்லிவிட முடியும் அல்லவா?

முதுகில் என்ன நடக்கிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகளை அடுக்கி வைத்த தூண் அது. ஒவ்வோர் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கிறது. நாம் குதித்தாலும் சுமந்தாலும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தத் தட்டுதான்.

இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் உள்ளன. உடம்பின் பாரம் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறது. தட்டு பிதுங்கி, பக்கத்தில் ஓடும் நரம்பை அழுத்தினால், வலி கால் வரை பாயும்.

சிப்பாயின் வேலையை எண்ணிப் பாருங்கள். முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி, ஏறுவது மலை. குண்டுப் பெட்டிகளைத் தூக்கவேண்டும். மேடு பள்ளமான பாதையில் நாள் முழுவதும் லாரியில் குலுங்கவேண்டும். பனியில் மணிக்கணக்காக நின்று காவல் காக்கவேண்டும்.

இதில் 'இன்ன நாளில், இன்ன இடத்தில் அடிபட்டது' என்று சொல்ல ஒன்றுமில்லை. கயிறு தேய்ந்து கிணற்றுக்கல்லில் பள்ளம் விழுவதைப் போல, வலி சிறிது சிறிதாக வருகிறது.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நடுவில் உள்ள தட்டைக் காட்டாது. எம்.ஆர்.ஐ. படம் தட்டைக் காட்டும். ஆனால் எவ்வளவு வலிக்கிறது என்பதை எந்தப் படமும் காட்டாது.

நல்ல சிப்பாய் செய்த தவறு

நம் சிப்பாய் செய்த தவறு என்ன தெரியுமா? வலியைச் சொல்லாமல் இருந்ததுதான்!

ராணுவத்தில் உடல்நிலைக்கு ஒரு தரம் உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால் 'ஷேப் 1'. குறை இருந்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் பதவி உயர்வு தள்ளிப் போகலாம். கூட இருப்பவர்கள், "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று நினைக்கவும் கூடும்.

ஆகவே அவர் தைலத்தைத் தடவிக் கொண்டார். மாத்திரையை விழுங்கினார். மலையில் இருந்தவரை மூச்சு விடவில்லை. வேலையின் கடைசிக் காலத்தில், போர் இல்லாத ஓர் ஊரில் இருந்தபோதுதான் தாங்க முடியாமல் டாக்டரிடம் போனார்.

குறிப்பேட்டில் என்ன பதிவாயிற்று? 'நோய் தொடங்கிய இடம்: அமைதியான ஊர்.' அந்த வரியே அவருக்கு எதிராகத் திரும்பியது.

வலியைத் தாங்கிக் கொண்டு கடமை செய்தவனுக்கு, தாங்கிக் கொண்டதே எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. என்ன கொடுமை!

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

2013-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புக் கூறியது. தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கு அது. அவர் 1985-ல் ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்தவர். சுமார் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வலிப்பு நோய் காரணமாக, 20 சதவீத ஊனத்துடன் வெளியே அனுப்பப்பட்டார். "நோய் வேலையால் வந்தது அல்ல" என்று பென்ஷனை மறுத்துவிட்டார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தது. ஒருவர் ராணுவத்தில் சேரும்போது அவர் உடம்பில் குறை இருந்ததாகக் குறிப்பு இல்லையா? அப்படியானால் அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றுதான் கொள்ளவேண்டும். பிறகு நோய் வந்தால், வேலையால் வந்திருக்கலாம் என்பதே முதல் எண்ணமாக இருக்கவேண்டும். இல்லை என்று சொல்லும் டாக்டர்கள் அதற்குக் காரணம் எழுதவேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே!

இது நம் கிராமத்து நியாயந்தான். நல்ல உழவு மாட்டை ஒருவர் வாடகைக்கு ஓட்டிப் போகிறார். திருப்பிக் கொண்டு வரும்போது மாடு நொண்டுகிறது. "எப்படி நொண்டியது?" என்பதற்கு யார் பதில் சொல்லவேண்டும்? ஓட்டிப் போனவர்தானே?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சென்னைத் தீர்ப்பாயத்திலிருந்து போன வேறொரு வழக்கில், 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சிப்பாய்க்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்தால், பிறகு வந்த எல்லா நோயும் வேலையால் வந்தது ஆகிவிடாது என்றும், நோய் எப்படி வந்தது என்பது டாக்டர்கள் ஆராயவேண்டிய விஷயம் என்றும் சொன்னது.

ஆகவே சட்டம் கைகொடுக்கும். ஆனால் வெறுங்கையோடு போனால் போதாது. காகிதம் வேண்டும்!

காகிதம் பேசும்

எந்தெந்தக் காகிதம்?

டிஸ்சார்ஜ் புத்தகம். பென்ஷன் உத்தரவு. மெடிக்கல் போர்டு எழுதிய அறிக்கையின் நகல். ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அந்தச் சீட்டுகள். எந்தெந்த ஆண்டில் எந்தெந்த இடத்தில் வேலை பார்த்தார் என்ற விவரம். ஊருக்கு வந்தபின் பார்த்த டாக்டர்களின் சீட்டுகள், படங்கள்.

போர்டு அறிக்கை கையில் இல்லை என்றால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். அறிக்கை வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, மறுத்ததற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்பதுதான். காரணமே இல்லாமல் ஒரு வரியில் மறுத்திருந்தால், அதுவே அப்பீலுக்குப் பலமான பிடி.

இன்றைக்குப் பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: வலியை மறைக்காதீர்கள். அன்றன்றே டாக்டரிடம் சொல்லிக் குறிப்பில் ஏற்றிக் கொள்ளுங்கள். அது கோழைத்தனம் அல்ல.

பணம் எவ்வளவு?

நம் சிப்பாயின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 2018-ல் இருந்த முறைப்படி, முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 12,000 ரூபாய். 20 சதவீத ஊனத்துக்குக் கணக்குப் போட்டால் 2,400 ரூபாய்தான் வரும்.

ஆனால் 20 முதல் 49 சதவீதம் வரை உள்ள ஊனத்தை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. வேலைக் காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பர் 10-ந் தேதி, ராம் அவதார் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அப்படியானால் மாதம் 6,000 ரூபாய்! சாதாரணப் பென்ஷனுக்கு மேல் இது தனி. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகுமே!

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துள்ளன. அந்தத் தேதிக்கு முன் வெளியே வந்தவரா, பின் வந்தவரா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 2022-ல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வேறு முறை. வேலையால் ஏற்பட்ட ஊனம் 100, 75, 50 சதவீதம் என்பதற்கு ஏற்ப 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் என்று ஒரே தொகையாக வைத்திருக்கிறார்கள்.

விதிகளை ஏன் இறுக்குகிறார்கள்? ஊனப் பென்ஷனைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது சர்க்கார் தரப்பின் கவலை. சிப்பாய்களைவிட அதிகாரிகளில் அதிகம் பேர் இதைப் பெறுகிறார்கள் என்று தணிக்கை அறிக்கையும் சுட்டிக் காட்டியது. பொய் மனுக்களைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் வலையை இறுக்கும்போது முதலில் அகப்படுபவன் யார்? சட்டம் தெரிந்த பெரிய அதிகாரியா? கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் கிராமத்துச் சிப்பாயா? இதைச் சர்க்கார் நினைத்துப் பார்க்கவேண்டும்.

எங்கே போவது?

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்! ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் செய்யவேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது அப்பீல் உண்டு. அதன்பின் ராணுவத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. முதுகுவலிக்காரர் மதுரையிலிருந்து இரவெல்லாம் ரெயிலில் போய் வருவது சுலபம் அல்ல. ஆனாலும் கடைசிப் படி வரை போனவர்கள் பலர் வென்றிருக்கிறார்கள்.

தாமதம் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். தர்சேம் சிங் என்பவர் 1983-ல் உடல்நலக் குறைவால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டார். 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குத்தான் பழைய பாக்கி உண்டு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மற்ற ஆண்டுகளின் பணம் போனது போனதுதான்!

மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு எழுத, யாருக்கு அனுப்புவது என்று கேட்க, முதலில் போகவேண்டிய இடம் அது. கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். படைவீரர் நல அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி கொடுப்பதற்காக 2025 ஜூலை 26-ல் ஒரு தேசியத் திட்டமும் தொடங்கப்பட்டது. "அந்த உதவி இங்கே எப்போது கிடைக்கும்?" என்று கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். உடம்பையும் பார்க்க வேண்டுமே!

முதுகுவலி என்றால் நாள்கணக்கில் படுத்தே கிடக்கவேண்டும் என்பது பழைய எண்ணம். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்றுதான் இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கித் தூக்கவேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மதுரையிலேயே அதன் மருத்துவமனை இருக்கிறது. கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மனைவி மக்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பழைய பெட்டியை எடுங்கள். எல்லாக் காகிதங்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், என்றைக்கு வலி அதிகம், என்றைக்கு எந்த டாக்டரைப் பார்த்தோம் என்று எழுதி வாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இதை எழுதலாம்.

எல்லையில் நின்ற நாளில் அவர் தம் வலியை யாரிடமும் சொல்லவில்லை. இன்று அவருக்காக அந்த நோட்டுப் புத்தகம் பேசட்டும். அதைக் கேட்கும் காது சர்க்காருக்கு இருக்கட்டும்!