தலைக்கு மேலே போகும் மின்சாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கோ ஆற்றில் வரவிருக்கும் இங்கா 3 அணை, காங்கோ நாட்டின் இருளை நீக்கிவிடும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. அங்கே முன்பே இரண்டு அணைகள் நிற்கின்றன. அவை யார் வீட்டு இருளை நீக்கின என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

இங்கா 1 வந்தது 1972இல். இங்கா 2, 1982இல். அங்கிருந்து கட்டாங்கா பகுதியின் செப்புச் சுரங்கங்களுக்குச் சுமார் 1,700 கிலோமீட்டர் லைன் இழுத்தார்கள். மின் பகிர்மானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அது டி.சி. லைன். நம்மூரைப் போல நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து ஊருக்குள் இறக்க முடியாது. மறுகோடியில், கோல்வேசி நிலையத்தில் ஏ.சி.யாக மாற்றினால்தான் எதற்கும் உதவும். வழிநெடுகக் கோபுரத்துக்கு நிலம் விட்ட கிராமத்தான் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றும் காங்கோவில் ஐந்தில் நான்கு பேருக்கு மின்சாரம் இல்லை. தலைநகர் கின்ஷாசாவிலேயே பெரும்பாலான வீடுகளில் கரி அடுப்புதான் எரிகிறது. அந்தக் கரிக்காகக் காடு அழிகிறதே என்று அவர்களுக்கே உபதேசமும் நடக்கிறது!

இங்கா 3 மட்டும் வேறு மாதிரி இருக்குமா? 2013 ஒப்பந்தப்படி அதிலிருந்து 2,500 மெகாவாட் தென்னாப்பிரிக்காவுக்கு. பாக்கி வைக்காமல் பணம் கட்டுகிறவன் கையெழுத்திட்டால்தான் கடன் கிடைக்கும். அதனால் சுரங்கமும் அயல்நாடும் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன, மீட்டரே இல்லாத குடிசை வரிசையிலேயே இல்லை. 2016இல் இந்தத் திட்டத்துக்கான உதவியை நிறுத்திய உலக வங்கி, 2025 ஜூனில் முதல் தவணையாக 25 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. அதில் இங்கா சுற்றுவட்டார ஊர்களின் மேம்பாட்டுக்கும் பணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அணையைச் சுற்றியுள்ள ஊர்கள் மட்டுமா காங்கோ?

அந்த வங்கியில் இந்தியாவும் பங்குதாரர். உள்நாட்டு வீடுகளுக்கு எத்தனை மெகாவாட், துணைமின் நிலையங்களுக்கும் சர்வீஸ் இணைப்புகளுக்கும் யார் பணம் என்பதை, விற்பனை ஒப்பந்தங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டியது நம் பிரதிநிதியின் வேலை. தங்கள் அடுத்த கட்டுரையும் அணையின் உயரத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கை விசாரிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு