வாய்மொழிக் கணக்கும் கடைக் கணக்கும்

ஜனங்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை அவர்களையே கேட்டறியும் முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. கேட்பது தவறன்று. கேட்டதே முழு உண்மையென்று கொண்டு சர்க்கார் நிம்மதியடைவதே தவறு.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 வயதும் அதற்கு மேலுமுள்ள ஆண்களில் நூற்றுக்கு 18.8 பேரும் பெண்களில் 1.3 பேரும் குடிப்பவர்கள். குடிப்பதுண்டா, தினமுமா, வாரத்திற்கொரு முறையா என்று அதில் கேட்டார்கள்; எவ்வளவு என்று கேட்கவில்லை.

அளவைக் கேட்டாலும் சங்கடம் தீராது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல், 10 கிராம் சாராயச் சத்தையே ஒரு பானமாகக் கொள்கிறது. நம் கடைகளில் விற்கும் 180 மில்லி 'குவார்ட்டர்' புட்டியிலோ, நூற்றுக்கு 42.8 பங்கு வீதம், சுமார் 60 கிராம் இருக்கிறது. "ஒரு குவார்ட்டர்தான்" என்பவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அதை ஒன்றென்று ஏட்டில் எழுதினால் ஆறு ஒன்றாகிவிடும்.

நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் அறிந்த விதியொன்றுண்டு. தனக்குப் பாதகமானதை ஒருவன் ஒப்புக்கொண்டால் அதற்கு மதிப்பு அதிகம். தனக்குச் சாதகமாக மறுத்தால் அத்தனை மதிப்பில்லை. அண்டை வீட்டார் காதில் விழும்படி திண்ணையில் கேட்கும் கேள்விக்கு, "இல்லை" என்பதே சுலபமான விடை. ஆகவே ஆய்வு காட்டும் தொகை உண்மையின் கீழெல்லையே. பல தேசங்களில் விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டபோது, வாய்மொழிக் கணக்கு ஏறக்குறைய பாதியளவே தேறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு எளிது. 2003 முதல் சில்லறை விற்பனையும் சர்க்கார் கையிலேயே இருக்கிறது. 2023-24-ல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைக் கணக்கும் பூரணமானதல்ல என்பது மெய்யே. யார் குடித்தாரென்பதை அது சொல்லாது; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற விஷச்சாராயம் எந்த ஏட்டிலும் ஏறியதல்ல. இவ்விரண்டு சாட்சிகளையும் ஒருங்கே விசாரித்தாலன்றி உண்மை வெளிப்படாது.

ஆகையால், ஜில்லாவாரியாக விற்ற சாராயச் சத்தின் அளவை, ரூபாயில் அன்று, லிட்டரில், ஆண்டுதோறும் பிரசுரித்து, ஆய்வின் தொகையை அதன் பக்கத்தில் வைக்கவேண்டும். சிகிச்சை நிலையங்கள் எங்கே, எத்தனை வேண்டுமென்பது அப்போதுதான் விளங்கும்.

1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய காங்கிரஸ் மந்திரிசபை வருமானத்தையே துறக்கத் துணிந்தது. இன்றைய சர்க்கார் வருமானத்தைத் துறக்காவிடினும், கணக்கையாவது உள்ளபடி வெளியிடட்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு தேசத் தொண்டர்களுடையது.