புறாமலையா, கற்பிட்டியா, நெடுந்தீவா?

கொடிகாமம் சந்தையில் கடை வைத்திருக்கும் நமது இளைஞர்கள் சிலர் இவ்வருடம் ஒன்றுசேர்ந்து சுழியோடப் போகிறார்களாம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன் பார்க்கும் பயணம். ஒருவர் திருகோணமலைப் புறாமலைத் தீவு என்கிறார். இன்னொருவர் கற்பிட்டி என்கிறார். பக்கத்திலிருக்கும் நெடுந்தீவை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும் என்பது மூன்றாமவரின் கேள்வி. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

மார்கழியில் கொடிகாமத்துக்கு மாம்பழம் வாங்க வருபவரைப் பார்த்து நாம் சிரிப்போம். கடலுக்கும் பருவம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும்போது மேற்குக் கரை கொந்தளிக்கும். அதே காற்று தரையைக் கடந்து போவதால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், தண்ணீரும் தெளியும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டி, மே முதல் செப்டெம்பர் வரை புறாமலை. மாம்பழமும் பலாப்பழமும் ஓய்ந்து கைக்குக் காசு வரும் ஓகஸ்டில் போவதென்றால் திருகோணமலைதான்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சபலம் வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். வடக்கு முஸ்லிம்களில் அந்தப் பக்கம் உறவில்லாத குடும்பம் அரிது. தங்குமிடம் இலவசம், மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு; எனவே எந்த மாதமானாலும் கற்பிட்டிக்கே போவோம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓகஸ்டில் போய், படகு இறங்காமல், மாமி வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நல்ல விருந்துதான். ஆனால் வான் வாடகை சுழியோடுவதற்காகக் கொடுத்தது அல்லவா?

இனி சரக்கின் தரம். புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்கள் ஆழமற்ற நீரில் இருப்பதால், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களைக்கூட முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்தே பார்க்கலாம். பத்துப் பேர் போனால் பத்துப் பேருக்கும் சிலிண்டர் எடுக்க வேண்டியதில்லை. செலவில் இது பெரிய வித்தியாசம். நெரிசல்தான் குறை. முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுப்போரும் உண்டு. அது கல்லல்ல, உயிருள்ளது. நம்மவர்கள் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.

கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் 1992இல் சரணாலயமானது. 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். கரையிலிருந்து தூரமாகையால் படகுக்கான எரிபொருளே ஒரு தொகை வரும். வழியில் ஓங்கில் கூட்டம் தென்பட்டால் அந்தத் தொகை வலிக்காது. ஆயினும் 1998இல் கடல் சூடேறியபோது அங்கே ஆழமற்ற பகுதி முருகைகள் வெளிறி மடிந்தன. புறாமலை அப்போது தப்பியது. பார் ரீஃப் மெல்லத் தேறிவந்த நிலையில் 2016இல் மீண்டும் அடி விழுந்தது. பழைய படங்களைக் காட்டி முன்பணம் கேட்பவரிடம் இந்தப் பருவத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். (1344இல் இப்னு பதூதாவுக்கு ஆரியச்சக்கரவர்த்தி தன் முத்துக்களைக் காட்டியது இந்தப் புத்தளக் கரையில்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அந்த முத்துக்களை எடுத்தவர்களுக்குச் சிலிண்டர் இருக்கவில்லை.)

சிலிண்டர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கும் கடலட்டையும் கொள்முதல் செய்யும் வியாபாரிகளுக்கு இது தெரியும். ஆழத்தில் அதிக நேரம் இருந்து, அவசரமாக மேலே வந்து, கைகால் முடங்கிப்போன சுழியோடிகள் நமது கரைகளில் இருக்கிறார்கள். பத்து மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் இருமடங்காகிவிடும். அங்கே இரத்தத்தில் கரையும் வாயு, வேகமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழாகும். முதற்தரப் பயிற்சி முடித்தவருக்கே எல்லை 18 மீற்றர்தான். ஆஸ்துமா, இருதய வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரின் அனுமதியின்றி இறங்கக்கூடாது. பயிற்றுநர் தரும் சுகாதாரப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு இழுப்பது நமது பழக்கம். வங்கிக் கடன் படிவம் அல்ல அது.

பயண ஒழுங்கிலும் கவனம் வேண்டும். பலமுறை சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. மலையேறுவதும் அப்படியே. காலையில் நிலாவெளியில் சுழியோடிவிட்டு அன்றிரவே நுவரெலியாவுக்கு வானை விடும் திட்டம் நமது பிள்ளைகளிடம் இருந்தது. 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் அது! அந்த நாளை வெட்டச் சொல்லிவிட்டேன். ஜும்ஆவை நிலாவெளிப் பக்கமே தொழுதுவிட்டு மறுநாள் புறப்படலாம்.

நெடுந்தீவைப் பற்றிச் சொல்லக் காரணம் வேறு. பயணத்தோடு நிற்காமல், அங்கே சுழியோடும் நிலையம் தொடங்க முதல் தேடுகிறார் ஒருவர். என் அபிப்பிராயம், வேண்டாம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அலை எழுந்தால் அடிச்சேறு கலங்கும். போதாக்குறைக்கு இந்திய இழுவைப் படகுகள் பல வருடங்களாக அடியை வாரிச் செல்கின்றன. புறாமலையின் தெளிவை அங்கே காசு கொடுத்துக் கொண்டுவர முடியாது. ஆனால் குதிரைகளையும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும், பெருக்கு மரத்தையும், முருகைக்கல் மதில்களையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நிழல், குளிர்ந்த தண்ணீர், சுத்தமான கழிவறை, நேரத்துக்கு மதியச் சாப்பாடு, தீவைச் சுற்ற வாகனம் வேண்டும். மாலைதீவில் மக்கள் வாழும் தீவுகளில் 2009இன் பின் விருந்தினர் இல்லங்களுக்கு இடம் கிடைத்தபோது, எம்மைப் போன்ற சிறு முதல்காரரும் பிழைக்க வழி திறந்தது.

அந்தத் தம்பி கடன் வாங்குமுன் நாலைந்து சனி, ஞாயிறு குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, படகேறும் தலைகளை எண்ணி வரட்டும். எத்தனை பேர் கையில் சோற்றுப் பார்சல் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி வந்தால், மீதிக் கணக்கை நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.